எந்தக் கால்?

அக்கா: ...அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல வீடியோவப் போடு.

தம்பி: நெட்டு சரியில்லக்கா.

அக்கா: குரல் மட்டும் காதுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி வருது?

தம்பி: குரலுக்குக் கொஞ்சம் நெட்டு போதும். மூஞ்சிக்குத்தான் நிறைய வேணும்.

அக்கா: உன் தீப்பெட்டி மூஞ்சிக்கா? போடுடா.

தம்பி: ரூம் பசங்க தூங்கறாங்க அக்கா. வெளிச்சம் அடிக்கும்.

அக்கா: பட்டப்பகல்லயா? இன்னைக்கு பாலத்து மேல வண்டி ஓட்டிப் பாக்கற நாள்னு நீதானே சொன்ன? எல்லாரும் அங்க நிக்காம படுத்துத் தூங்கறாங்களா?

தம்பி: ...

அக்கா: என்ன, வாய்ல கொழுக்கட்டையா?

தம்பி: வண்டி ஓடலக்கா.

அக்கா: திரும்பவுமா!

தம்பி: திரும்பவும்தான்.

அக்கா: உங்க ரயிலு நகர்றதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும். முதல்ல நிலம் கிடைக்கலன்ன. அப்புறம் தண்டவாளம் கப்பல்ல வந்துட்டே இருக்குன்ன. அப்புறம் மழைன்ன. அப்புறம் சிக்னல் எரியலன்ன...

தம்பி: சிக்னல் எரிஞ்சிடுச்சுக்கா. இப்ப அணையத்தான் மாட்டேங்குது.

அக்கா: சிரிக்காத. நான் கடுப்புல இருக்கேன்.

தம்பி: நான் எங்க சிரிச்சேன்? எல்லாம் ரெடியா இருக்கு அக்கா, அதான் கொடுமை. ஸ்டேஷன்ல கடிகாரம் ஓடுது. ஓடுற படிக்கட்டு துருப்பிடிக்கக் கூடாதுன்னு தினமும் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டறாங்க, புறாதான் ஏறி இறங்குது. பஸ்ல தொங்கிட்டுப் போற ஜனங்க எங்களைப் பாத்துக் கத்தறாங்க, "எங்க பேரனாவது இதுல ஏறுவானா"ன்னு.

அக்கா: நியாயமாத்தானே கேக்கறாங்க. எனக்கும் அதே கேள்விதான். நீ எப்ப வருவ?

தம்பி: இன்னைக்கு மணல் மூட்டை ஏத்தின வண்டி பாலத்தைத் தாண்டியிருந்தா சோதனை முடிஞ்சது. அடுத்த வாரம் ஜனங்களுக்குத் திறந்துடுவாங்க. திறந்த மறுநாள் நான் கிளம்பியிருப்பேன்.

அக்கா: இருந்தா, இருப்பேன்... இதைத்தான் நானும் குட்டிகிட்ட சொல்லிட்டே இருக்கேன். அதுக்கு மாமான்னாலே போன்தான். போன் அடிச்சா "மாமா அழுவுது, எடு"ங்குது.

தம்பி: ...அப்படியா சொல்லுது?

அக்கா: ஆமா. சரி, எதுக்கு நிறுத்தினாங்க?

தம்பி: பாலத்துக் கால்ல விரிசலாம்.

அக்கா: பாலத்துக்கு ஏதுடா காலு?

தம்பி: தூணைத்தான்கா. காகிதத்துல எழுதும்போதுதான் அது தூணு. எங்க வாயில கால். முதல் கால், ரெண்டாம் கால்னுதான் சொல்லுவோம்.

அக்கா: ...

தம்பி: அக்கா?

அக்கா: இருக்கேன். விரிசல்னு யாரு சொன்னா?

தம்பி: எவனோ மெசேஜ் போட்டிருக்கான். "கால்ல விரிசல் விட்டிருக்கு, பாரம் ஏத்தக் கூடாது"ன்னு. மேஸ்திரி அதைப் பாத்த உடனே சிவப்புக் கொடியைத் தூக்கிட்டு ஓடியிருக்காரு. வண்டி பாலத்து வாசல்லயே நின்னுடுச்சு.

அக்கா: அப்படியேவா எழுதியிருந்துச்சு? அதே வார்த்தையா?

தம்பி: அதே வார்த்தைதான்.

அக்கா: யாரு காலுன்னு எழுதலையா?

தம்பி: எந்தக் காலுன்னு எழுதல. அதான் தலைவலி. பாலத்துக்குப் பதினோரு கால் இருக்கு.

அக்கா: கடவுளே...

தம்பி: நீ எதுக்கு இப்படிப் பதறற?

அக்கா: நான் எங்கடா பதறினேன். ரொம்ப வலிக்குதா?

தம்பி: யாருக்கு?

அக்கா: ...பாலத்துக்குத்தான்.

தம்பி: லூசா நீ? கான்கிரீட்டுக்கு எங்க வலிக்கும்?

அக்கா: வீக்கம் கீக்கம்...

தம்பி: அக்கா!

அக்கா: சரி சரி. எனக்கு என்ன தெரியும் பாலத்தைப் பத்தி? உனக்கு மட்டும் எப்படித் தெரியுது? நீதான் ஸ்டோர் ரூம்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்கற ஆளாச்சே.

தம்பி: சாமான் வாங்க வர்றவங்க பேசறது காதுல விழும்ல.

அக்கா: ஓஹோ.

தம்பி: என்ன ஓஹோ?

அக்கா: அம்மா நம்புது. நாற்காலி மேல ஏறி பல்பு மாத்தக்கூட விடாத அம்மா, நீ ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கன்னு நம்பித்தான் ராத்திரி தூங்குது. நான் நம்பலடா. நீ அனுப்பற போட்டோ ஒண்ணுலயாவது பின்னாடி ஒரு அலமாரி இருக்கா? ஒரே ஆகாசம்.

தம்பி: ...அம்மாகிட்ட சொல்லிட்டியா?

அக்கா: சொல்லியிருந்தா நீ இன்னேரம் வீட்டு வாசல்ல நிப்ப. அது உன்னைக் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கும். அது என்னடா தடதடன்னு சத்தம்?

தம்பி: காத்துக்கா. தகரக் கூரை. காலையிலேர்ந்து பேய்க்காத்து... அய்யோ, மேஸ்திரி வர்றாரு. வை... இல்ல வைக்காத. இரு. மூச்சு விடாத.

மேஸ்திரி: நெட்டை! உள்ளதானே இருக்க?

தம்பி: வாங்க மேஸ்திரி.

மேஸ்திரி: தலைவலின்னு படுத்தவன் போன் பேசிட்டிருக்க?

தம்பி: வீட்டுலேர்ந்து... வச்சிடறேன்.

மேஸ்திரி: உக்காரு, உக்காரு, எழுந்திரிக்க வேணாம். ஒரே ஒரு கேள்விதான். எந்தக் கால்?

தம்பி: எ... என்ன கால்?

மேஸ்திரி: நடிக்காத. யாரு மெசேஜ் போட்டான்னு கேக்க நான் வரல. பேரு வெளிய வர வேணாம்னு அதுலயே எழுதியிருக்கு, நான் மதிக்கறேன். ஆனா கால்களுக்குக் கீழ சாரம் பிரிச்சது நீயும் சுருட்டையும்தான். சுருட்டை நான் ஒண்ணும் பாக்கலைங்கறான். மிச்சம் நீ.

தம்பி: மேஸ்திரி, நான்...

மேஸ்திரி: பயப்படாத. சொன்னது நல்ல காரியம். மேல பெரிய இன்ஜினியரு தலையைப் பிச்சுக்கறாரு. சோதனை அதிகாரிங்க தொப்பியைப் புடிச்சுக்கிட்டு கரையில நிக்கறாங்க. பதினோரு காலையும் தடவிப் பாக்கணும்னா ரயிலு அடுத்த மழைக்குத்தான். நீ ஒரு காலைச் சொல்லு, அதை மட்டும் பாத்துட்டு வண்டியை விட்டுடறோம்.

தம்பி: அது வந்து...

மேஸ்திரி: சொல்லுடா, ஜீப்பு நிக்குது.

தம்பி: நா... நாலாவது.

மேஸ்திரி: நாலாவதா? தண்ணிக்குள்ள நிக்கிற காலா?

தம்பி: ...ஆமா.

மேஸ்திரி: போச்சு. அங்க ஏணி நிக்காதே. கூடைதான் இறக்கணும், இந்தக் காத்துல... சரி. சுருட்டையை இறக்கறேன். அவன்தான் எடை கம்மி. நீ படு, உன் மூஞ்சியே சரியில்ல.

தம்பி: மேஸ்திரி, காத்து அடங்கினப்புறம்...

மேஸ்திரி: காத்து அடங்கற வரைக்கும் அதிகாரிங்க இருக்க மாட்டாங்க. படு.

அக்கா: ...போயிட்டாரா?

தம்பி: ம்.

அக்கா: நாலாவது கால்ல விரிசல் இருக்கா?

தம்பி: இருக்கும்.

அக்கா: இருக்குமா? இருக்கா?

தம்பி: என்னை நோண்டாத அக்கா.

அக்கா: நீ பாத்தியா, இல்லையா?

தம்பி: நோண்டாதன்னேன்ல.

அக்கா: டேய், சுருட்டைன்னா உன் ரூம்காரன்தானே? அன்னைக்கு வீடியோல குட்டிக்குக் குரங்கு மாதிரி மூஞ்சி காட்டினானே, அவனா?

தம்பி: அவன்தான்.

அக்கா: கூடைன்னா எப்படிக் கூடை?

தம்பி: கிரேன்ல தொங்கும். இடுப்பு உசரத்துக்குக் கம்பி. கால் பக்கத்துல கொண்டு போய் நிறுத்துவாங்க, டார்ச் அடிச்சுப் பாக்கணும். காத்து இல்லன்னா ஒண்ணும் இல்ல.

அக்கா: காத்து இருந்தா?

தம்பி: ஆடும்.

அக்கா: ஆடினா?

தம்பி: கால்ல மோதும்! போதுமா? எல்லாத்தையும் சொல்ல வச்சுட்டியா?

அக்கா: இல்லாத விரிசலைத் தேட இருக்கற ஆளைத் தொங்க விட்டிருக்க.

தம்பி: இல்லாத விரிசல்னு உனக்கு யாரு சொன்னா?

அக்கா: ...நீ உளர்ற லட்சணமே சொல்லுதே. அவரைக் கூப்பிடு.

தம்பி: கூப்பிட்டு?

அக்கா: உண்மையச் சொல்லு.

தம்பி: உண்மையச் சொன்னா என்னை அனுப்பிடுவாங்க அக்கா. பாதியில போனவனை அடுத்த பாதைக்குக் கூப்பிட மாட்டாங்க. இங்கேர்ந்து இன்னொரு பக்கம் ரயில் போடப் போறாங்க, மேஸ்திரி என் பேரையும் சொல்லி வச்சிருக்காரு. அதோட முதல் வண்டியில எங்க கோஷ்டிக்குக் கடைசிப் பெட்டி தர்றேன்னிருக்காங்க. நாங்க போட்ட பாதையில நாங்க உக்காந்து போறது. அது ஒண்ணுக்காகத்தான் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு...

அக்கா: பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னடா? சொல்லு. அக்காதானே.

தம்பி: அவன் பாடறான்.

அக்கா: யாரு?

தம்பி: சுருட்டை. கூடையில ஏத்தினாலே அவனுக்குப் பயம். கண்ணை மூடிக்கிட்டு சத்தமாப் பாடுவான். இறங்க ஆரம்பிச்சுட்டாங்க போல. காத்துல இங்க வரைக்கும் கேக்குது.

அக்கா: டேய், எந்தக் கால்டா?

தம்பி: அக்கா...

அக்கா: எந்தக் கால்?

தம்பி: பாலத்துக் கால் இல்லக்கா.

அக்கா: ம்.

தம்பி: என் கால். வலது கால். முட்டிக்குக் கீழ. போன வாரம் ஜல்லி மேல கால் வச்சேன், சறுக்கி ரெண்டு தண்டவாளக் கட்டைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. சுளுக்குன்னு நினைச்சு ஓட்டிட்டேன். காலையில தாங்காம ஒரு டாக்டர்கிட்ட போனேன். எலும்புல விரிசல்னாரு. பாரம் ஏத்தக் கூடாதுன்னாரு.

அக்கா: ம்.

தம்பி: அழுவறியா?

அக்கா: இல்ல. மேல சொல்லு.

தம்பி: சுருட்டைக்குத் தெரியட்டும்னு மெசேஜ் போட்டேன். வலியில எதை அமுக்கினேன்னே தெரியல. அனுப்பினப்புறம் பாத்தா மேல "நம்ம"ன்னு இருக்கு. ஐயய்யோ குரூப்புன்னு அழிச்சேன். அவசரத்துல எல்லாருக்கும் அழிக்கறதுக்குப் பதிலா எனக்கு மட்டும் அழிச்சுட்டேன். இப்ப என் போன்ல தடயமே இல்ல. நம்ம குடும்பக் குரூப்பு "நம்ம வீடு"ல விழுந்துச்சா, சைட்டுக் குரூப்பு "நம்ம பாலம்"ல விழுந்துச்சான்னு தெரியாம மண்டை காய்ஞ்சேன். கொஞ்ச நேரத்துல வண்டியை நிறுத்திட்டாங்க. அப்பத்தான் புரிஞ்சது, பாலத்துலதான் விழுந்திருக்குன்னு. யாரு காலுன்னு சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். என் காலுன்னு நான்தான் சொல்லல. ரயிலையே நிறுத்திட்டேன் அக்கா. அத்தனை பேரு பஸ்ல தொங்கறாங்க, என்னால.

அக்கா: அழாத. இப்ப அவரைக் கூப்பிடு.

தம்பி: எப்படிச் சொல்றது?

அக்கா: இப்ப என்கிட்ட எப்படிச் சொன்னியோ அப்படி.

தம்பி: என் மானம்...

அக்கா: மானம் அப்புறம். கூடை முதல்ல.

தம்பி: அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: பாட்டு நின்னுடுச்சு.

அக்கா: நல்லாக் கேளு.

தம்பி: கேக்கல அக்கா, நின்னுடுச்சு! சுருட்டை! டேய் சுருட்டை!

அக்கா: எங்கடா போற? ஓடாத! கால்டா, கால்!

தம்பி: நொண்டிக்கிட்டாவது... அம்மா... போயிடுவேன்... மேஸ்திரி! மேஸ்திரி! கூடையைத் தூக்குங்க!

மேஸ்திரி: என்னடா? ஏன் கத்தற?

தம்பி: கூடையைத் தூக்கச் சொல்லுங்க! விரிசல் இல்ல! நாலாவதுல இல்ல, எதுலயும் இல்ல!

மேஸ்திரி: என்ன உளர்ற?

தம்பி: வாக்கி டாக்கில சொல்லுங்க மேஸ்திரி, உங்க கால்ல விழறேன்!

மேஸ்திரி: ஹலோ, கிரேனு! கிரேனு! கூடையைத் தூக்கு. ஆமா, இப்பவே. ஆள் எப்படி இருக்கான்? ...என்ன? ...சரி, மெதுவா. மெதுவாத் தூக்கு.

தம்பி: என்ன சொல்றாங்க? ஏன் பாடல?

மேஸ்திரி: தோள் பாலத்துக் கால்ல இடிச்சிருச்சாம். சிராய்ப்புதான். பாட்டு மறந்துபோச்சாம், யோசிச்சிட்டிருந்தானாம்.

அக்கா: அப்பாடா...

மேஸ்திரி: யாரு அது?

தம்பி: அக்கா. லைன்லயே இருக்கு.

மேஸ்திரி: இருக்கட்டும். நீ சொல்லு. விரிசல் இல்லன்னா என்ன அர்த்தம்?

தம்பி: விரிசல் என் கால்ல மேஸ்திரி.

மேஸ்திரி: என்னது?

தம்பி: என் கால்ல. எலும்புல. "பாரம் ஏத்தக் கூடாது"ன்னு டாக்டர் சொன்னது என்னை.

மேஸ்திரி: பூட்ஸைக் கழட்டு.

தம்பி: மேஸ்திரி...

மேஸ்திரி: கழட்டுடா. ...அடப்பாவி. இது காலா, பூசணிக்காயா? இதை வச்சுக்கிட்டா ஏணி ஏறின? இதை வச்சுக்கிட்டா சாரம் பிரிச்ச?

தம்பி: அனுப்பிடுவீங்கன்னு பயம்.

மேஸ்திரி: அனுப்பத்தான் போறேன், ஆஸ்பத்திரிக்கு. அங்கேர்ந்து வீட்டுக்கு. மேல இருந்து நீ விழுந்திருந்தா உங்கம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது? பெரிய இன்ஜினியருக்கு நான் என்ன சொல்ல? "பாலத்துக்கு ஒண்ணும் இல்லங்கய்யா, நெட்டைக்குத்தான் விரிசல்"னா? அதிகாரிங்க வண்டி ஏறியாச்சு. அடுத்த தேதி அவங்களா பாத்துக் குடுத்தாத்தான் உண்டு.

தம்பி: எல்லாம் என்னாலதான். அந்த மெசேஜை நான் சுருட்டைக்குத்தான் போட்டேன். குரூப்ல விழுந்துடுச்சு.

மேஸ்திரி: எந்தக் குரூப்ல?

தம்பி: நம்ம பாலம்.

மேஸ்திரி: நம்ம பாலத்துல காலையிலேர்ந்து ஒரே ஒரு மெசேஜ்தான். எவனோ செருப்பைக் காணோம்னு போட்டிருக்கான்.

தம்பி: இல்லையே... அப்ப உங்களுக்கு எப்படி...

மேஸ்திரி: எனக்குத் தனியா வந்துச்சுடா. தெரியாத நம்பர்லேர்ந்து. பேரு வேணாம்னு எழுதியிருந்ததால பயந்துபோன பயல் எவனோன்னு நினைச்சேன். இரு, படிக்கறேன்... "ஐயா வணக்கம். கால்ல விரிசல் விட்டிருக்கு. பாரம் ஏத்தக் கூடாதாம். சொன்னது யாருன்னு தெரிய வேணாம். வெளிய சொல்லாம நீங்களே பக்குவமாப் பாத்துக்கங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சைட்டுல எவன்டா "பக்குவமா"ன்னு எழுதுவான்? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

தம்பி: அக்கா, மேஸ்திரி நம்பரை நான் உனக்கு அவசரத்துக்குன்னு குடுத்தேன்ல?

அக்கா: ம்.

தம்பி: என் மெசேஜ் விழுந்தது நம்ம வீட்டுலயா?

அக்கா: ஆமா, அம்மா பாக்கறதுக்குள்ள அது போன்ல அழிச்சுட்டு, அவருக்கு நான்தான் எழுதினேன். யாரு காலுன்னு எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லடா. பாலத்துக்குப் பதினோரு கால் இருக்குன்னு நான் கண்டேனா? எனக்குத் தெரிஞ்சது உன் கால் ஒண்ணுதானே.